வானமே கூரை! தரையே பாய்!

தை மாதம் பிறந்துவிட்டது என்பதைத் திண்டுக்கல்காரர்கள் நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தெருவைப் பார்த்தாலே போதும்.

பச்சை வேட்டி. பச்சைச் சேலை. காவித் துண்டு. ஒருவர் தலையில் சிறு மூட்டை. இன்னொருவர் தோளில் மயில் தோகைக் காவடி. ஒரு தாயின் இடுப்பில் கைக்குழந்தை. எல்லோருடைய முகமும் மேற்கே பார்க்கிறது. எல்லோருடைய காலும் மேற்கே நடக்கிறது.

எங்கே போகிறார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பழனிக்கு!

தைப்பூசத்துக்குப் பழனி முருகனைத் தரிசிக்க நடந்து போகிறவர்கள் லட்சக்கணக்கானோர். மதுரை, காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை என்று பல திசைகளில் இருந்து வருகிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் திண்டுக்கல் சமவெளியைக் கால்நடையாகவே கடக்கிறார்கள். சிலருக்கு இது நான்கு நாள் நடை. சிலருக்கு ஒரு வாரம்.

நடப்பது தெரிகிறது. எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் இரவானால் இவர்கள் எங்கே தூங்குகிறார்கள்?

அதைத்தான் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. இரவில் திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையே பஸ்சில் போகிறவர்கள் சற்றுக் கண்ணை விழித்துப் பார்த்தால் தெரியும். பள்ளிக்கூடத் திண்ணை, கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க் ஓரம், புளியமரத்தடி, அறுவடை முடிந்த சோளக்காடு. எங்கு பார்த்தாலும் ஆட்கள் படுத்திருப்பார்கள். சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே முகாம்! கூடாரம் இல்லாத முகாம்!

பகல் எரிக்கும், இரவு நடுக்கும்

திண்டுக்கல் சமவெளி செழித்த ஆற்றுப் படுகை அல்ல. ஒரு பக்கம் சிறுமலை. இன்னொரு பக்கம் பழனி மலைத்தொடர். மழை மேகம் மலையில் பெய்துவிட்டு, கீழே வரும்போது வெறுங்கையோடு வரும். செம்மண் காடு, சீமைக் கருவேல முள், ஆழ்கிணறு. நடுவில் மொட்டைப் பாறையாக நிற்கிறது திண்டுக்கல் மலைக்கோட்டை. வெகுதூரத்தில் நடந்து வருகிறவனுக்கு ஊர் வருகிறது என்று முதலில் சொல்வது அந்தப் பாறைதான்.

தைப்பூசம் ஜனவரி அல்லது பிப்ரவரியில் வரும். 2024ல் ஜனவரி 25ந்தேதி வந்தது. 2025ல் பிப்ரவரி 11ந்தேதி. இந்த மாதங்களில் பகலில் வெயில் 30 டிகிரியைத் தொடும். பின்னிரவில் பனி கொட்டும். நடந்து களைத்து, வியர்வையில் நனைந்து படுத்தவனுக்கு அந்தப் பனி ஊசி மாதிரி இருக்கும்.

தார் ரோடு காற்றைவிட அதிகமாகச் சூடேறும். வெறுங்காலில் நடக்கிறவர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ரோட்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது அல்லவா? அதன்மேல் கால் வைத்து நடப்பார்கள். கறுப்பு வெயிலை விழுங்கும். வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும். விஞ்ஞானப் பாடம் படிக்காத பாட்டிகூட அந்தக் கோட்டை விட்டு விலகமாட்டாள்.

ஆகவே நடைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. விடியற்காலை 3 மணிக்கு எழுந்துவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பாதி தூரத்தை முடித்துவிட வேண்டும். 11 மணிக்கு நிழல் தேட வேண்டும். மாலை 4 மணிக்கு மறுபடி கிளம்ப வேண்டும். இரவு 9 மணி வரை நடை. பிறகுதான் படுக்கை.

பூசம் பவுர்ணமியை ஒட்டி வரும். எனவே யாத்திரை தொடங்கும்போது வானத்தில் பிறை. நடக்க நடக்க நிலா வளரும். பழனியை நெருங்கும் இரவில் பால் போல வெளிச்சம். மின்விளக்கு இல்லாத காலத்தில் நடந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

பத்து நிமிஷத்தில் ஒரு வீடு

கூட்டமாக வருகிறவர்களுக்கு ஒரு குருசாமி இருப்பார். பல ஆண்டு நடந்து பழகியவர். வழியில் எந்த ஊரில் நல்ல தண்ணீர், எந்தத் தோட்டக்காரர் இரக்கமுள்ளவர், எந்த மரத்தடியில் எறும்புப் புற்று என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு டெம்போ போய்விடும். அந்தக் காலத்தில் மாட்டு வண்டி போயிற்று. வண்டியில் அண்டா, கரண்டி, அரிசி மூட்டை, விறகு அல்லது காஸ் அடுப்பு, தண்ணீர் டிரம், தார்ப்பாய், ஜமுக்காளம், ஒரு பெட்டி நிறைய மருந்து. நடக்கிறவர்கள் வந்து சேரும்போது உலை கொதித்துக் கொண்டிருக்கும்.

முதல் வேலை இடத்தைக் கூட்டுவது. முள், கண்ணாடிச் சில்லு, கல். எல்லாவற்றையும் தென்னந்துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும். வெறுங்காலோடு வந்தவர்களுக்கு இதுவே பாதி வைத்தியம். பிறகு தார்ப்பாய் விரிப்பார்கள். பனி விழும் என்பதால் மரத்தடிக்கு முதலிடம். பெண்களும் குழந்தைகளும் நடுவில். வயதானவர்கள் சுவர் ஓரம். இளைஞர்கள் ரோட்டுப் பக்கம். யாரும் உத்தரவு போடாமலே இந்த வரிசை அமைந்துவிடும்.

அப்புறம் தலை எண்ணுவார் குருசாமி. ஒரு தலை குறைந்தாலும் சோறு பரிமாறமாட்டார்.

"சாமி, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று புதிதாக வந்த பையன் கேட்பான்.

"இந்தா, வந்திருச்சு சாமி!" என்பார் குருசாமி.

காலையிலும் அதையேதான் சொன்னார். நேற்றும் அதையேதான் சொன்னார்! பையன் கணக்குப் பார்ப்பதை விட்டுவிடுவான். குருசாமிக்கு வேண்டியதும் அதுதான்.

பாதயாத்திரையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் "சாமி" என்றுதான் அழைக்கிறார்கள். முதலாளியும் சாமி. அவர் கடையில் மூட்டை தூக்குகிறவரும் சாமி. ஊருக்குத் திரும்பிய பிறகு இது எத்தனை நாள் நீடிக்கும் என்பது வேறு விஷயம். வழியில் இருக்கும் வரைக்கும் ஒரே பந்தி, ஒரே ஜமுக்காளம்.

உப்பு வியாபாரியின் காவடி

பழனிக்கு நடக்கும் கூட்டங்களில் பெயர் பெற்றது செட்டிநாட்டு நகரத்தார் காவடி. குன்றக்குடியில் இருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் போகிறது. வழி ஏறத்தாழ 150 கிலோமீட்டர்.

நானூறு ஆண்டு வழக்கம் என்று அவர்கள் சொல்கிறார்கள். இதற்கு ஒரு வரலாறும் சொல்வார்கள். குமரப்பன் என்ற உப்பு வியாபாரி பழனிப் பக்கம் வியாபாரத்துக்கு வந்தார். லாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு ஒதுக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நடந்து வரத் தொடங்கினார்கள்.

உப்பு வியாபாரி என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கடலோரத்தில் இருந்து உப்பு மூட்டை உள்நாட்டுக்கு வண்டியிலும் பொதிமாட்டிலும்தான் போயிற்று. மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும். மனிதனுக்கு நிழல் வேண்டும். ஆகவே வியாபாரி நடந்த வழியில் கிணறும் சத்திரமும் தோன்றின. பக்தன் பிறகு அதே வழியில் நடந்தான்.

திண்டுக்கல்லில் இருந்து பழனிக்குப் போகும் ரோட்டில் உள்ள ஊர்களின் பெயரைப் பாருங்கள். ரெட்டியார்சத்திரம். மூலச்சத்திரம். ஒட்டன்சத்திரம். சத்திரப்பட்டி. எல்லாப் பெயரிலும் சத்திரம்! 60 கிலோமீட்டருக்குள் நான்கு. வழிப்போக்கன் ஒருநாளில் எவ்வளவு தூரம் நடப்பான், எங்கே களைப்பான் என்பதை ஊர்ப் பெயர்களே சொல்லிவிடுகின்றன. 1689 முதல் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளைச் சாலையும் சத்திரமும் அமைத்த அரசி என்றுதான் இன்றைக்கும் ஜனங்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சமவெளியில் வேறு ஒரு தங்கலும் நடந்தது. ஒட்டன்சத்திரம் தாண்டினால் விருப்பாச்சி. இன்று மலை வாழைப்பழத்துக்குப் பெயர் போன ஊர். 1772ல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டார். அவர் மனைவி ராணி வேலு நாச்சியார் சின்னஞ்சிறு மகளோடு தப்பி இந்தப் பக்கம் வந்தார். விருப்பாச்சி பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார். எட்டு ஆண்டு காத்திருந்து, ஐதர் அலியின் படை உதவியோடு 1780ல் நாட்டை மீட்டார் ராணி. கோபால நாயக்கரை 1801ல் வெள்ளையர் தூக்கில் போட்டார்கள். வழிப்போக்கருக்கு இடம் தருவது இந்த மண்ணில் சில சமயம் உயிரை விலையாகக் கேட்டிருக்கிறது.

"தண்ணி வேணாம்டி!"

இனி, படத்தில் வராத விஷயத்துக்கு வருவோம்.

மரத்தடியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். பேத்தி சொம்பை நீட்டுகிறாள்.

"அப்பத்தா, கொஞ்சம் தண்ணி குடி. வாயெல்லாம் காய்ஞ்சு கெடக்கு."

"வேணாம்டி. குடிச்சா அப்புறம் எங்கே போய் ஒதுங்குறது?"

பாதயாத்திரையில் வரும் பெண்களில் எத்தனையோ பேர் வாய்விட்டும் மனசுக்குள்ளும் சொல்வது இதுதான்.

இந்த வழியில் சோற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு ஊரிலும் பந்தல். தக்காளிச் சாதம், புளிச்சாதம், பொங்கல், சுக்குக் காப்பி, நீர்மோர். கையைப் பிடித்து இழுத்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். பழனி கோயிலிலேயே 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பசியோடு யாரும் படுக்க வேண்டியதில்லை. இது தமிழ்நாட்டுக்குப் பெருமைதான். சந்தேகமே இல்லை.

ஆனால் ஆயிரம் பேருக்குச் சோறு போட முன்வருகிற புண்ணியவான்கள், பத்துக் கழிப்பிடம் கட்டி, அதைக் கழுவ ஆள் வைக்க முன்வருவதில்லை. அன்னதானம் என்றால் பெயர் எழுதிய பேனர் கட்டலாம். கழிப்பிடத்தில் யார் பேனர் கட்டுவார்கள்? கோயிலும் நகராட்சிகளும் விழா நாட்களில் தற்காலிகக் கழிப்பிடங்கள் வைக்கின்றன. வருகிற கூட்டத்துக்கு அவை எந்த மூலைக்கு?

ஆண்கள் காட்டுப் பக்கம் போய்விடுகிறார்கள். பெண்கள் இருட்டும் வரை காத்திருக்கிறார்கள். அதற்காகப் பகல் முழுவதும் தண்ணீரைக் குறைத்துக் கொள்கிறார்கள். வெயிலில் நடக்கிற உடம்பு வியர்வையாக நீரைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளே போவது குறைந்தால் தலை சுற்றும். கால் நரம்பு இழுக்கும். சிறுநீர்க் கடுப்பு வரும். சிலருக்கு அது கிருமித் தொற்றாக முற்றும். வயதானவர்கள் மயங்கி விழுவதும் உண்டு. பார்க்கிறவர்கள் "வெயில் தாங்கவில்லை" என்பார்கள். வெயில் மட்டுமா காரணம்?

வெயிலில் நடந்து சோர்ந்தவருக்கு உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர் கைகண்ட உதவி. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர். அதில் சர்க்கரை தலை தட்டி ஆறு தேக்கரண்டி. உப்பு தலை தட்டி அரைத் தேக்கரண்டி. உப்பைக் கூட்டக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதே. மயங்கியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது. நிழலில் கிடத்தி, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, 108க்குச் சொல்ல வேண்டும்.

பாலைவனத்தில் ஒரு பாடம்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் ஜோஷுவா ட்ரீ என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றவுடன் புல்தரையும் பூச்செடியும் நினைக்க வேண்டாம். சுத்தமான பாலைவனம்! பாறையும் முள்ளும் மணலும். 1936ல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கியது. 1994ல் தேசியப் பூங்கா ஆயிற்று.

அங்கே ஜனங்கள் குடும்பத்தோடு போய் இரவு தங்குகிறார்கள். கோயிலுக்காக அல்ல. நட்சத்திரம் பார்க்க, பாறை ஏற, சும்மா இருக்க! இதற்கென்றே இடங்கள் ஒதுக்கி இருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எண் போட்ட ஒரு திடல். அதில் ஒரு மேஜை. நெருப்பு மூட்ட இரும்பு வளையம். கூடாரம் அடிக்க இடம். பக்கத்திலேயே கழிப்பிடம்.

ஒன்றைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அங்கே பெரும்பாலான தங்குமிடங்களில் தண்ணீர்க் குழாயே கிடையாது! ஆனால் கழிப்பிடம் உண்டு. தண்ணீரை வருகிறவன் கொண்டு வர வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு காலன், அதாவது சுமார் 4 லிட்டர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். வெயிலில் நடப்பவர்களுக்கு இன்னும் அதிகம்.

நம் வழி நேர் எதிர். இங்கே பத்தடிக்கு ஒருவர் தண்ணீர் கொடுக்கிறார். குடித்தவர்கள் ஒதுங்கத்தான் இடம் இல்லை!

இன்னொரு விதியும் அங்கே உண்டு. இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை சத்தம் போடக் கூடாது. பாட்டுப் பெட்டி கூடாது. மரக்கிளையை ஒடித்து எரிக்கக் கூடாது. குப்பையைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது.

இதை நம் பந்தல்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். திண்டுக்கல் ரோட்டில் பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி. இந்தப் பக்கம் ஒரு முருகன் பாட்டு. அந்தப் பக்கம் வேறு ஒரு முருகன் பாட்டு. நடுவில் படுத்திருப்பவன் முருகா என்று கத்தினால்கூட முருகனுக்கே கேட்காது! பக்தி வேண்டியதுதான். ஆனால் 35 கிலோமீட்டர் நடந்து வந்து, மூன்று மணிக்கு மறுபடி எழ வேண்டியவனுக்கு நான்கு மணி நேரத் தூக்கத்தைக் கொடுப்பதும் ஒரு தானம் அல்லவா?

குப்பை விஷயம் அதைவிட மோசம். 2019 ஜனவரி முதல் தேதியில் இருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. பூசம் முடிந்த மறுநாள் அந்த ரோட்டோரத்தைப் பார்த்தால் தடை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். தண்ணீர் பாக்கெட், டம்ளர், சாதம் ஒட்டிய தட்டு. காட்டில் மேயும் மாடும் ஆடும் அவற்றைத் தின்றுவிடுகின்றன. வாழை இலையில் போட்ட காலத்தில் மாட்டுக்கு அது விருந்து. இன்று அதுவே வயிற்றுக்கு விஷம்.

காலும் கொப்புளமும்

மூன்றாம் நாள் இரவு முகாமில் போய்ப் பார்த்தால் ஒரே காட்சிதான். எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் சொந்தப் பாதத்தையே பார்த்துக் கொண்டிருப்பார்கள்!

கொப்புளத்தை ஊசி நூலால் குத்திவிடுவது பலருக்குப் பழக்கம். டாக்டர்கள் இதை ஒப்புவதில்லை. மேல்தோல்தான் இயற்கை போட்ட கட்டு. அது கிழிந்தால் தூசியும் கிருமியும் உள்ளே போகும். கழுவி, ஈரம் துடைத்து, சுத்தமான துணியால் மூடிவிடுவதே நல்லது. உடைந்துவிட்டால் மருந்து போட்டுக் கட்ட வேண்டும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் விஷயம் வேறு. அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் குத்தினாலும் தெரியாது. தார் சுட்டாலும் தெரியாது. சிறு புண் பெரிதாகி, பாதத்தையே எடுக்கும்படி ஆகிவிடலாம். இப்படிப்பட்டவர்கள் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. "முருகன் பார்த்துக்கொள்வான்" என்று பிடிவாதம் பிடிக்கும் தாத்தாவுக்குப் பேரன்தான் செருப்பை மாட்டிவிட வேண்டும். தினமும் இரவு விளக்கு வெளிச்சத்தில் பாதத்தைப் பார்த்துவிடவும் வேண்டும்.

காய்கறி லாரி வருகிறது!

ஒட்டன்சத்திரம் பாதி வழி. பெரிய காய்கறிச் சந்தை உள்ள ஊர். கத்தரி, முருங்கை, தக்காளி எல்லாம் இங்கிருந்து கேரளாவுக்கு லாரி லாரியாகப் போகின்றன. லாரி இரவில்தான் ஓடும். பக்தனும் வெயிலுக்குப் பயந்து இரவில்தான் நடக்கிறான். இருவரும் ஒரே ரோட்டில்!

இந்த வழியில் விபத்து நடக்காத ஆண்டு அபூர்வம். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிற டிரைவர். தூக்கக் கலக்கத்தில் நடக்கிற பக்தர். ஒரு நொடிதான். விளக்கு வெளிச்சத்தில் ஒளிரும் ஸ்டிக்கரைப் போலீசார் முதுகுப் பையில் ஒட்டிவிடுகிறார்கள். ஒளிரும் குச்சியும் கொடுக்கிறார்கள். சாலையோரம் பல இடங்களில் நடப்பவர்களுக்கென்று கல் பதித்த தனிப் பாதை உண்டு. அதில் வண்டியை நிறுத்துகிறவர்களும் கடை விரிக்கிறவர்களும் உண்டு. அப்போது நடக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? தார் ரோட்டுக்கு இறங்குவார்கள்.

அனுபவப்பட்ட குருசாமிகள் சில விதிகள் வைத்திருக்கிறார்கள். இரவில் வெள்ளைத் துண்டு போர்த்த வேண்டும். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நடக்க வேண்டும். முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் விளக்கு இருக்க வேண்டும். காதில் பாட்டுக் கருவி மாட்டக் கூடாது. கண் சொருகினால் நடக்கக் கூடாது, உட்கார்ந்துவிட வேண்டும். ரோட்டு ஓரத்து மண்ணில் மட்டும் எக்காரணம் கொண்டும் படுக்கக் கூடாது. பின்னால் எடுக்கும் லாரிக்குப் படுத்திருப்பவன் தெரியாது.

மலைமேல் ஒரு இரவு

பழனி அடிவாரத்தை அடைந்தவர்கள் சண்முகநதியில் முழுகி, படியேறித் தரிசனம் செய்து, பெரும்பாலும் அன்றே ஊர் திரும்பிவிடுகிறார்கள். 2021 முதல் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. எனவே வேலைக்குப் போகிறவர்களும் இப்போது கூடுதலாக வருகிறார்கள். இரவு நடை சாத்திய பிறகு மலைக்கோயிலில் பக்தர்கள் யாரும் தங்க முடியாது.

ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் விலக்கு!

சேலம் மாவட்டம் எடப்பாடியில் இருந்து வரும் பர்வத ராஜகுலத்தார் தைப்பூசம் முடிந்து சில நாள் கழித்துக் காவடியோடு வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாக வருகிறவர்கள். சண்முகநதிக் கரையில் இறங்கி இளைப்பாறிவிட்டு, மலையேறுவார்கள். அன்று இரவு ஆயிரக்கணக்கானோர் மலைமேலேயே தங்குவார்கள். அங்கேயே வாழைப்பழமும் சர்க்கரையும் பேரீச்சையும் கற்கண்டும் தேனும் நெய்யும் கலந்து டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாராகும். வேறு யாருக்கும் கிடைக்காத இரவு அது. கீழே பழனி ஊர் விளக்குகள். தூரத்தில் இருட்டாகச் சமவெளி. நடந்து வந்த வழி முழுவதும் ஒரே பார்வையில்.

செட்டிநாட்டுக் காவடிக்காரர்களின் கதை வேறு. மற்றவர்கள் பஸ்சும் ரயிலும் பிடிக்கும்போது, அந்தக் காவடி பழனியில் இருந்து மறுபடி நடக்கிறது. அதே ஒட்டன்சத்திரம். அதே திண்டுக்கல். அதே நத்தம். போகும்போது கூட்டத்தில் தெரியாத வழி, திரும்பும்போது தெரியும். பந்தல்களைப் பிரித்துக் கொண்டிருப்பார்கள். ஒலிபெருக்கிகள் வண்டியில் ஏறியிருக்கும். தேய்பிறை நிலா நாளுக்கு நாள் தாமதமாக எழும். அன்றைக்குத் தங்கும் இடத்தில் தார்ப்பாயை விரித்து, தலை எண்ணி, விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பார்கள்.